அவகாசம் இல்லை என்று ஒருவர் எழுதினார்

போன வாரம் நித்யா கூப்பிட்டார். எங்கள் மின்னஞ்சல் மடற்குழுவில், வருகிற மடல்களைப் பார்த்து அனுமதிக்கிற மட்டுறுத்துநர் பொறுப்பை எனக்கு அடுத்து எடுத்திருப்பவர். கோயமுத்தூரில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறார். குழுவைப் பழைய இடத்திலிருந்து எடுத்துப் புது இடத்தில் வைக்கிற வேலை நடக்கிறது.

"சார், எல்லாம் மாத்திட்டேனுங்க. நிலுவையில ஒரே ஒரு மடல் மட்டும் நிக்குது. வருசக்கணக்காச்சு போல. அனுப்புனவரு பேரு செல்லத்துரை. அனுமதிக்கட்டுங்களா, நீக்கட்டுங்களா?"

"இருக்கட்டும், சொல்றேன்" என்று போனை வைத்துவிட்டேன். காப்பி ஆறிப்போனது.

இதே நித்யாதான் ஒரு மாசமாக, உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள், புதிதாக வருகிறவர்களுக்கு உதவும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். முடியாது, கண்ணு சரியில்லை, முதுகு வலி என்று சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். இனி சாக்கு இல்லை. எழுதிவிடுகிறேன். உதவுகிறதா என்று படித்துவிட்டு அவரே சொல்லட்டும்.

என் பேர் பொன்னுசாமி. பாலக்காட்டுக்குக் கிழக்கே சித்தூர் பக்கம் ஊர். அப்பாவுக்கு நெல்லும் தென்னையும். எனக்கு வயலில் இறங்கப் பிடிக்கவில்லை. பக்கத்தில் ஒரு கல்லூரியில் நூலக உதவியாளராகச் சேர்ந்து, அங்கேயே பென்ஷன் வாங்கினேன். ஊட்டில் பேசுவது கொங்குத் தமிழ், ஆபீசில் மலையாளம். ஆபீசில் ஆள் குறைந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். தகவல் உரிமை மனு என்று தமிழ்நாட்டில் சொல்கிறார்களே, அதற்கு எங்கள் ஆபீசில் 'விவராவகாசம்' என்று பேர். அதற்குப் பதில் தட்டச்சு செய்தே விரல் தேய்ந்தது. தமிழில் அவகாசம் என்றால் நேரம், சாவகாசம். மலையாளத்தில் அவகாசம் என்றால் உரிமை. இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன், பின்னால் எனக்குத் தெரியாது என்று நானே சொல்லித் தப்பிக்க முடியாதபடிக்கு.

நூலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது பழைய புத்தகப் பட்டியல் அட்டைகளை எடைக்குப் போடச் சொன்னார்கள். நான் போடவில்லை. அட்டைகளின் பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. காதில் விழுகிற சொற்களை அதில் எழுத ஆரம்பித்தேன். எங்கள் எல்லைப் பக்கத்துத் தமிழ், வயலில், தோட்டத்தில், பஸ்ஸில் பேசுகிற சொற்கள். அந்த அட்டைகளைப் பற்றி யாரோ சொல்லித்தான் பேராசிரியர் ஒருவர் என்னைக் கூப்பிட்டார்.

அவர் கோயமுத்தூர்க்காரர். ஓய்வுக்குப் பிறகு, தமிழ்ச் சொல்லாராய்ச்சிக்கென்று மின்னஞ்சலில் ஒரு குழு தொடங்கி நடத்தினார். சென்னை, மதுரை, சிங்கப்பூர், கனடா என்று எங்கெங்கோ இருந்து எழுதுவார்கள். ஒருவர் மடல் போட்டால் எல்லாருக்கும் போகும். அதற்கு வருகிற பதில்கள் கோத்துக்கொண்டு ஓர் இழையாக நீளும். படித்தவர்கள்தான், ஆனால் முகம் தெரியாமல் எழுதும்போது படித்தவர்களுக்குத்தான் மூக்குக்கு மேலே கோபம் வருகிறது. அதைப் பார்த்துக்கொள்ள என்னை வைத்தார். சம்பளம் இல்லாத வேலை. ஆனால் சம்பள வேலையைவிட இதைத்தான் ஒழுங்காகச் செய்தேன்.

புது ஆளின் மடலும் சண்டை நடக்கிற இழையில் வரும் மடலும் நேராகக் குழுவுக்குப் போகாது. என்னிடம் வந்து நிற்கும். மூன்று பொத்தான்: அனுமதி, நிறுத்திவை, நீக்கு. சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கமாட்டான் என்பார்கள். அந்தப் பூசாரி நான்தான்.

பேராசிரியர் மடல் படிப்பதைப் பார்க்கணும். அச்செடுத்துத்தான் படிப்பார். முதலில் விளி: யாரை எப்படிக் கூப்பிட்டிருக்கிறான். அடுத்து நேராகக் கடைசி வரிக்குத் தாவிவிடுவார். "கோவத்த ஒளிச்சு வெக்கறவன் கடேசி வரியில மறந்துருவான், பொன்னுசாமி." அப்புறம்தான் நடுவில் இருப்பது. சுடுகிற சொல் இருந்தால் பென்சிலில் ஒரு வட்டம். வட்டம் விழுந்த மடலுக்கு அன்றைக்குப் பதில் கிடையாது. "மாவு பொங்கட்டும்" என்பார். மறுநாள் எழுதினவரையே போனில் பிடித்து, "ஏனுங்க, இந்தச் சொல்லுக்கு உங்கூர்ல என்னங்க பொருளு?" என்று கேட்பார். எழுதினவனைக் கேட்காமல் பொருள் சொல்லக்கூடாது. அது அவர் சட்டம்.

ஒரு தடவை, யாழ்ப்பாணத்திலிருந்து கனடா போய்விட்ட ஒருவர், மதுரைக்காரர் ஒருவருக்கு "நீர் சொல்வது பொருந்தவில்லை" என்று எழுதிவிட்டார். மதுரைக்காரர் கொதித்துவிட்டார். என்னை நீர் என்று சொல்ல இவர் யார், குழுவை விட்டே போகிறேன் என்று நாலு பக்கம். யாழ்ப்பாணத்துப் பேச்சில் நீர் என்பது நெருக்கமும் மரியாதையும் கலந்தது என்று எனக்குத் தெரியும். பேராசிரியரிடம் சொன்னேன். அவர் இரண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசி, இரண்டு வரியில் ஒரு குறிப்பு எழுதிப் போட்டார். சண்டை அடங்கியது. அப்புறம் இரண்டு பேரும் ஒருவரையொருவர் நீர், நீர் என்று கொஞ்சிக்கொண்டார்கள்.

எனக்கு அவர் சொன்னது ஒரே சொல். "சரி." பதினாலு வருசம் அவரோடு வேலை பார்த்தேன். எப்போதும் "சரி"தான். அவர் சுபாவம் அது, யாரையும் புகழமாட்டார் என்று நினைத்து மனசைத் தேற்றிக்கொண்டிருந்தேன். செல்லத்துரை வரும்வரைக்கும்.

செல்லத்துரை, கேரளத்து இடுக்கி மலையில் சாந்தன்பாறையில் ஒரு ஏலத்தோட்டத்து ஸ்டோரில் வேலை பார்த்தவர். ஸ்டோர் என்றால் ஏலக்காய் உலர்த்துகிற இடம். பாட்டன் காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து மலையேறிய குடும்பம். அவருடைய முதல் மடலுக்கு அனுமதி கொடுத்தவன் நான்தான். 'எடுப்பு' என்ற சொல்லைப் பற்றி எழுதியிருந்தார். ஏலச்செடியில் காய் ஒரே தடவையில் பறிப்பதில்லை, பழுக்கப் பழுக்கச் சுற்றிச் சுற்றிப் பறிப்பார்கள். ஒவ்வொரு சுற்றும் ஓர் எடுப்பு. அந்தச் சொல் என்னிடமும் இருந்தது. அட்டையில், 'எடுப்பு – அறுவடைச் சுற்று' என்று ஒரு வரி.

அவர் என்ன எழுதினார் தெரியுமா? அங்கே பொம்பளைகள் வருசம் மாசம் சொல்வதில்லையாம். "மூத்தவ ரெண்டாம் எடுப்புல பொறந்தா, எங்க ஐயா செத்தது கடைசி எடுப்புல" என்றுதான் சொல்வார்களாம். இதைச் செல்போனில், எழுத்துப் பிழையோடு, முற்றுப்புள்ளி இல்லாமல் ஒரு பக்கம் அடித்திருந்தார். பேராசிரியர் அன்றைக்கே பதில் போட்டார். மாவு பொங்க வைக்கவில்லை. "அருமை, அருமை. இப்படியல்லவா சொல் சேகரிக்க வேண்டும்."

அருமை ஒன்றல்ல, இரண்டு. எனக்கு வயிறு எரிந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது? அந்தத் திரையை மூடிவிட்டு எழுந்துபோய் முகம் கழுவினேன்.

அதற்கப்புறம் குழுவில் செல்லத்துரை, செல்லத்துரைதான். சென்னை அம்மா ஒருவர், பெரிய படிப்புப் படித்தவர், என் மடலுக்கு ஒரு நாளும் பதில் போட்டதில்லை. அவர் "செல்லத்துரை ஐயாவின் அடுத்த மடலுக்குக் காத்திருக்கிறேன்" என்று எழுதினார். நான் செல்லத்துரையின் மடல்களில் பிழை தேட ஆரம்பித்தேன். எழுத்துப் பிழை ஏராளம். சொற்பிழை ஒன்றுகூட அகப்படவில்லை. எங்க ஊட்டுக்காரி ஒரு நாள் கேட்டாள்: "ஏனுங்க, அந்த மலைக்காரரு மடலு வந்தாலே மூஞ்சி சுருங்குது? உங்க சொத்தையா எழுதி வாங்கிட்டாரு?"

"போடி, வேலையப் பாரு" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே போனாள்.

பேராசிரியர் என்னை ஒரு தடவை சாந்தன்பாறைக்கு அனுப்பினார், சேர்ந்து சொல் எடுத்து வரும்படி. உடுமலையில் பஸ் ஏறி, மறையூர், மூணாறு, பூப்பாறை வழியாகப் போனேன். ரோட்டோரம் நின்றிருந்தார் செல்லத்துரை. என்னைவிட நாலைந்து வயது சின்னவர். "வாங்க அண்ணாச்சி, குளிருதா? மொதல்ல சாயா குடிங்க" என்று பையை வாங்கிக்கொண்டார்.

ஸ்டோரில் பொம்பளைகள் உட்கார்ந்து உலர்ந்த காயைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். என் அட்டையையும் பேனாவையும் பார்த்ததும் பேச்சு நின்றுவிட்டது. "சாரு ஆபீஸ்லேருந்து வந்துருக்காகளா?" என்று ஒருத்தி மெல்லக் கேட்டாள். நான் கேட்கிற கேள்விக்கெல்லாம் ஆமா, இல்ல என்றுதான் பதில். செல்லத்துரை ஒன்றும் கேட்கவே இல்லை. முறத்தை இழுத்துப்போட்டு உட்கார்ந்து அவரும் காய் பிரித்தார். அரை மணி நேரத்தில் கேலியும் கிண்டலுமாகச் சொல் கொட்டியது. பேச்சியம்மாள் என்ற அம்மாள் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்: "குளிருக்கு முன்னால கம்பளி குடுக்கணும்ல. அது எங்க அவகாசம்லா."

நான் அட்டையில் எழுதினேன். 'அவகாசம் – உரிமை. தோட்ட வழக்கு.'

செல்லத்துரை எட்டிப் பார்த்தார். "அத எழுதிக்கிட்டியளா அண்ணாச்சி? நல்ல சொல்லு."

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு அந்த முறம்தான் கண்ணில் நின்றது. இத்தனை வருசத்தில் எனக்கு ஏன் அது தோன்றவில்லை என்று அவர்மேல் கோபம். என்மேல் வரவேண்டிய கோபம்தான், வழி மாறி அவரிடம் போனது.

இனி அந்த விசயம்.

சேர்த்த சொற்களை ஒரு அகராதியாகப் போடுவது என்று முடிவானது. அட்டைகளில் முக்கால்வாசி என்னுடையது. வரிசைப்படுத்தியது, சரி பார்த்தது எல்லாம் நான். என் பேர்தான் முகப்பில் வரும் என்று ஊரில் இரண்டு மூன்று பேரிடம் சொல்லியும்விட்டேன். பேராசிரியர் குழுவில் எல்லார் முன்னாலும் ஒரு மடல் போட்டார்: "இந்நூலுக்கு உயிர் கொடுத்தவர் செல்லத்துரை. முகப்பில் அவர் பெயர் இருக்க வேண்டும். முன்னுரையும் அவரே எழுத வேண்டுகிறேன்." கீழே, "பொன்னுசாமி உதவினார்."

உதவினாராம்.

இரண்டு நாள் கழித்துச் செல்லத்துரையின் பதில் வந்தது. அவர் பழைய உறுப்பினராகிவிட்டதால் நேராகவே குழுவுக்குப் போய்விட்டது. அதை அப்படியே தருகிறேன்:

"பேராசிரியர் ஐயாவுக்கு வணக்கம். முகப்பில் பேர் வைக்கவும் முன்னுரைக்கும் ஐயா கேட்டது கண்டேன். அதற்கு எனக்கு அவகாசம் இல்லை. வேறு யார் எழுதினாலும் எனக்கு விரோதமில்லை. செல்லத்துரை."

பாலக்காட்டிலோ இடுக்கியிலோ பொழைக்கிற எந்தத் தமிழனும் இதைப் படித்தால் கண் கலங்குவான். அதற்கு எனக்கு உரிமை இல்லை, வேறு யார் எழுதினாலும் எனக்கு ஆட்சேபமில்லை என்கிறார் மனுசன். விரோதமில்லை என்பது மலையாளத்தில் நாங்கள் நாளைக்குப் பத்துத் தடவை சொல்வது. ஜன்னலைத் திறக்கட்டுமா, விரோதமில்லை.

ஆனால் சென்னையில் உட்கார்ந்து படித்தால்? நேரமில்லை. விரோதம் ஒன்றும் இல்லை, வேறு ஆளைப் பார்த்துக்கொள். அவ்வளவுதான் அதில் இருக்கிறது. வணக்கத்துக்குப் பிறகு ஒரு நன்றிகூட இல்லை.

முதலில் சென்னை அம்மாதான் எழுதினார்: "எண்பது வயதுப் பெரியவர் வேண்டுகிறார். இவருக்கு நேரமில்லையாம்." அடுத்து மதுரைக்காரர்: "விரோதம் என்ற பேச்சு இங்கே எங்கிருந்து வந்தது? மனதில் இருப்பதுதானே கையில் வரும்?" பொழுது சாய்வதற்குள் இருபது மடல். தலைக்கனம், நாலு பேர் புகழ்ந்ததும் தலைகால் புரியவில்லை என்றெல்லாம். நான் ஒவ்வொன்றாகப் படித்தேன். திரும்பவும் படித்தேன். எவ்வளவோ நாளைக்கப்புறம் அன்றைக்குத்தான் சோறு ருசியாக இறங்கியது.

மறுநாள் பேராசிரியர் கூப்பிட்டார். குரல் தணிந்திருந்தது. "பொன்னுசாமி, அந்த மடல்ல ரெண்டு எடத்துல வட்டம் போட்டு வெச்சிருக்கேன். அந்தாளு அப்பிடி எழுதற ஆளில்லையே. உங்க பக்கத்துப் பேச்சு ஏதாச்சும் இருக்குதா? கூப்பிட்டா லைன் கெடைக்க மாட்டேங்குது. நீ கேட்டுச் சொல்லு."

அவர் சட்டத்தை அவர் மறக்கவில்லை. வாசல் திறந்துதான் இருந்தது. ஒரே வாக்கியம் போதும்: ஐயா, எங்கள் பக்கம் அவகாசம் என்றால் உரிமைங்க. என் வாயில் அது வந்து நின்றது.

"கேட்டுப் பாக்கறேனுங்கய்யா" என்றேன்.

நான் கேட்கவில்லை. போனை எடுக்கவே இல்லை. இரண்டு நாள் கழித்து அவரிடம், "டவர் கெடைக்கலீங்க. ஆனா எழுதுனது எழுதுனபடிதானுங்கய்யா, வேற ஒண்ணும் தெரியல" என்று சொன்னேன். அவர் "சரி" என்றார். வழக்கமான அதே சரி.

அதற்குள் அந்த இழையில் வருகிற மடல்களையெல்லாம் வழக்கப்படி நிறுத்திவைத்திருந்தோம். அதனால் செல்லத்துரையின் அடுத்த மடல் குழுவுக்குப் போகாமல் என்னிடம் வந்து நின்றது. அதுவும் சின்ன மடல்தான்:

"எல்லாருக்கும் வணக்கம். நான் எழுதினதில் எந்தச் சொல் பிழை என்று எனக்கு மனசிலாகவில்லை. ஐயாவின் மனசு நொந்திருந்தால் பொறுக்கணும். பொன்னுசாமி அண்ணாச்சிக்கு எங்கள் பேச்சு தெரியும். அவர் விளக்கிச் சொன்னால் சரியாக இருக்கும்."

அண்ணாச்சி சொன்னால் சரியாக இருக்கும். எல்லார் முன்னாலும் என்னைக் கைகாட்டியிருக்கிறார். இதைக் குழு படித்தால் அடுத்த நிமிசம் எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள். நான் 'நிறுத்திவை' என்ற பொத்தானை அமுக்கினேன். மாவு பொங்கட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு நாள் கழித்து அதே மடல் இன்னொரு தடவை வந்தது. இரட்டை மடல் என்று அதை நீக்கினேன். அதற்கு விதி உண்டு.

பதினோராம் நாள் செல்லத்துரை குழுவிலிருந்து விலகினார் என்று தானாக வருகிற அறிவிப்பு வந்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அகராதி வேலை என்னிடம் வந்தது. அச்சுக்குப் போகுமுன் பேராசிரியர் ஒரு தடவை படிப்பார். அட்டைகளை எடுத்து 'அ' வரிசையைப் பிரித்தேன். அங்கே கிடந்தது, என் கையெழுத்தில். 'அவகாசம் – உரிமை. தோட்ட வழக்கு.' அவர் கண்ணில் இது பட்டால் பென்சில் வட்டம் இரண்டும் அவருக்குப் புரிந்துவிடும். அந்த அட்டையை உருவி எடுத்தேன். நான் சேர்த்த சொற்களிலேயே அது நல்ல சொல். என் பேர் முகப்பில் வருவதற்காக என் சொல்லையே வெளியே எடுத்துவிட்டேன். என்னைப்போல் ஒரு முட்டாள் உண்டா?

புத்தகம் வந்தது. முகப்பில் 'தொகுத்தவர்: பொன்னுசாமி.' பேராசிரியர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "அந்த ஆளு இருந்திருக்கலாம்" என்றார். அதற்கடுத்த வருசம் அவர் போய்விட்டார். கடைசிவரை அவருக்குத் தெரியாது.

நித்யா கேட்ட மறுநாள் செல்லத்துரையின் நம்பரைத் தேடிப் பிடித்தேன். இப்போது ஆனைக்கரையில் மகள் வீட்டில் இருக்கிறார். "அண்ணாச்சியா?" என்றார் எடுத்தவுடனே. குரல் மாறவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். பாதியில் நிறுத்தினால் மறுபடி பேச வராது என்று மூச்சுவிடாமல் சொன்னேன்.

"டவர் இல்லாததால என் மடலு போகலன்னுல்லா நெனச்சேன்" என்றார். "பஸ்ஸேறி பூப்பாறைக்குப் போயி ரெண்டாந்தடவ அனுப்பினேன். அங்க நல்லா கெடைக்கும்."

இரட்டை மடல்.

"எந்தச் சொல்லு அண்ணாச்சி? அவகாசமா?" என்றார் பிறகு. "அது பேச்சியம்மா சொன்ன சொல்லுல்லா. நீங்க அட்டையில எழுதினியளே. நா பக்கத்துலதான இருந்தேன்."

"ஆமா."

"புத்தகத்துல இருக்கா?"

"இல்ல."

"அது இருக்கணும் அண்ணாச்சி" என்றார். திட்டவில்லை, அழவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. அந்தச் சொல் இல்லாததுதான் அவருக்குக் குறை. அந்த நேரத்திலும் எனக்கு வந்தது பொறாமைதான். இந்த மனுசனுக்கு மட்டும் ஏன் எப்போதும் சரியான இடத்தில் வலிக்கிறது?

நித்யா, நீங்கள் கேட்டதற்குப் பதில். அந்த மடலை அனுமதியுங்கள். தேதியை மாற்ற வேண்டாம். அதன் கீழே இந்தக் கட்டுரையைப் போடுங்கள், அண்ணாச்சி விளக்குவார் என்று அவர் எழுதியிருக்கிறார் அல்லவா, இதுதான் விளக்கம்.

அடுத்த பதிப்பில் அவகாசம் என்ற சொல்லைச் சேருங்கள். அட்டை என்னிடம் இருக்கிறது, கிழிக்க மனசு வரவில்லை. முகப்பில் செல்லத்துரையின் பேரை வையுங்கள். அதில் எனக்கு விரோதமில்லை என்று எழுதப் பார்த்தேன், கை ஓடவில்லை. கொஞ்சம் விரோதம் இருக்கத்தான் செய்கிறது.

அவகாசம்தான் இல்லை.